பாதி முகம் யூக்கா, பாதி முகம் தண்ணீர்

மார்ச் 3, திங்கள்

காலையில் அக்காவின் முகப்பூச்சுக் கம்பெனிக்கு ஒரு பீப்பாய் வந்து இறங்கியது. நீல நிறம், என் இடுப்பு உயரம், மூடியில் 'யூக்கா சாறு' என்று ஒரு சீட்டு. அக்கா கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கே போய் வரவேற்றாள். குடல்வால் அறுத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்த அன்றுகூட அவள் கம்பெனியை விட்டு அசையவில்லை.

மூடியைத் திறந்தால் கரும்பழுப்பாய், பாகு பதத்தில் ஏதோ. நனைந்த கோணிச் சாக்கு நாற்றம். அக்கா மூக்கை உள்ளே விட்டு ஆழமாக இழுத்து, இயற்கை வாசனை என்றாள். தேளும் இயற்கைதான், அதை யாரும் முகத்தில் விட்டுக்கொள்வதில்லை.

யூக்கா ஒரு பாலைவனச் செடியாம். கத்தி கத்தியாய் இலை. எங்கள் கம்பெனியில் அதை நேரில் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. அதன் சாற்றைத் தண்ணீரில் விட்டு ஆட்டினால் சோப்பே இல்லாமல் நுரைக்கிறது. எங்கள் வேதியியலாளர் ஒரு குடுவையில் ஆட்டிக் காட்டினார். நுரையைப் பற்றியே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர். அதனால் அவருக்கு 'நுரையார்' என்று பெயர் வைத்தேன், அவர் முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்வதில்லை. எதைச் சொன்னாலும் முன்னால் ஒரு 'ஒருவேளை' போட்டுத்தான் சொல்வார். நுரையைக் காட்டும்போது மட்டும் ஒருவேளை போடவில்லை.

மாலைக்குள் லேபிளுக்கு வாசகம் வேண்டுமாம். என் வேலை மூன்று: லேபிள் எழுதுவது, வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் போடுவது, முகத்தைக் கொடுப்பது. மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது.

மார்ச் 4, செவ்வாய்

'பாலைவனப் பெண்களின் தலைமுறை ரகசியம்' என்று எழுதச் சொன்னாள் அக்கா. எந்தப் பாலைவனம், எந்தப் பெண்கள் என்று கேட்டேன். ரகசியம் என்றால் ரகசியம்தானே என்றாள். அதற்கு மேல் என்ன பேசுவது.

'வேதிப்பொருள் இல்லாதது' என்று அடுத்த வரி. நுரையார் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீரே ஒரு வேதிப்பொருள்தான் என்று மெல்ல முனகினார். அப்படியானால் லேபிளில் தண்ணீரையும் எடுத்துவிடு என்று அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள். பாட்டிலில் பெரும்பகுதி தண்ணீர்.

மார்ச் 6, வியாழன்

எங்கள் கம்பெனிக்கு ஒரு கதை உண்டு. இணையதளத்தின் முதல் பக்கத்திலேயே அக்கா அதைச் சொல்கிறாள்: 'என் தங்கையின் முகத்தைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதைத் தொடங்கினேன்.' பக்கத்திலேயே என் படம். இரண்டு கன்னமும் சிவந்து, மூக்கோரம் தோல் உரிந்து, போலீஸில் பிடிபட்டவள் மாதிரி நிற்கிறேன். பேட்டி கொடுத்தாலும் அதே கதை. என்னைத் தெருவில் பார்க்கிறவர்கள், 'ஓ, அந்தத் தங்கச்சி நீங்கதானா' என்று பரிதாபமாகக் கேட்பார்கள். எந்தத் தங்கச்சி? ஊருக்கே பொதுவான தங்கச்சி.

கம்பெனிக்கு முன்னாலேயே, அவள் வீட்டு அடுப்பில் கிண்டத் தொடங்கிய நாள் முதல், எந்தப் பொருள் கொதித்து இறங்கினாலும் முதல் கரண்டி என் கன்னத்துக்குத்தான். ரோஜா க்ரீம், தேன் பூச்சு, எலுமிச்சைத் தைலம், ஆரஞ்சுத் தோல் பொடி. முகம் மாறவில்லை. அக்கா மனம் தளராமல் அடுத்ததைக் கொதிக்க வைப்பாள்.

இன்று விஷயம் என்னவென்றால், பெரிய கடைத்தொடர் ஒன்றின் கொள்முதல் அதிகாரி வந்திருந்தார். கைப்பையில் ஒரு உருப்பெருக்கி வைத்திருக்கிறார், லேபிளில் ஓரத்தில் போடும் பொடி எழுத்தை எல்லாம் அதை வைத்துத்தான் படிக்கிறார். லென்ஸம்மா. அவர் தலையசைத்தால் எங்கள் யூக்கா முகக்கழுவி அவர்கள் கடைகள் எல்லாவற்றிலும் இடம் பிடிக்கும். அக்கா சொன்ன பாலைவனத்தை முழுதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்.

"இயற்கை இயற்கைன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. ஒரு மூஞ்சியில காட்டுங்க."

அவர் போனதும் நுரையார் ஒரு வழி சொன்னார். ஒரே முகத்தில் பாதிக்கு யூக்கா, பாதிக்கு வெறும் தண்ணீர். ஒரு மாதம். அப்போதுதான் எது எதனால் என்று தெரியும். யார் முகம் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒரு நிபந்தனை: மற்ற எல்லாப் பூச்சையும் நிறுத்தியாக வேண்டும். ரோஜா க்ரீமையுமா என்று அக்கா கேட்டாள். அதையும்தான் என்றார் நுரையார். பச்சைக் குழந்தைக்குப் பாலை நிறுத்தச் சொன்னமாதிரி ஒரு முகம் வைத்துக்கொண்டு சம்மதித்தாள்.

மார்ச் 10, திங்கள்

ஆரம்பம். நுரையாரே முதல் படத்தை எடுத்தார். ஜன்னலோரம் என்னை நிற்கவைத்து, தன் போனை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. என் இடது புருவத்தில் உள்ள தழும்பு தெளிவாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டார். அது சின்ன வயதில் அக்கா குளியலறைக் கதவை அறைந்து சாத்தியதில் வந்தது. கதவுக்குப் பின்னால் வந்து நின்றது என் தவறு என்பது அவள் கட்சி, இன்றுவரை.

வலது பாதிக்கு யூக்கா, இடது பாதிக்குத் தண்ணீர். இனி தினமும் காலையில் நானே வீட்டில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். குழப்பம் வரக்கூடாது என்று நுரையார் ஆய்வறைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்: 'படத்தில் இடது பக்கம் = முகத்தில் வலது பக்கம் = யூக்கா.' அக்காவை அதை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லவைத்தார். இவ்வளவு ஜாக்கிரதையான மனிதரைப் பார்த்ததே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

பாதி முகம் கழுவுவது எப்படி என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை. தலையை வலது பக்கம் சாய்த்தால் நுரை காதுக்குள் போகிறது. நிமிர்ந்தால் மூக்கைத் தாண்டி அடுத்த கன்னத்துக்கு வருகிறது. மூக்குத்தண்டின் மேல் ஒரு துண்டை அணையாகக் கட்டி, தொட்டியில் ஒருக்களித்துப் படுத்த மாதிரி வளைந்து, ஒரு கையால் கழுவினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "மீதி மூஞ்சிய யாருக்கு எடுத்து வைக்கறே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் எழுபது தாண்டியவர். குளியலறையில் எந்தக் கட்டி கிடக்கிறதோ அதைப் போட்டுத் தேய்த்துக்கொள்வார். ஒரு வாரம் துணி சோப்பு போட்டுக் குளித்ததுகூட உண்டு. கன்னம் ஆப்பிள் மாதிரி இருக்கிறது. கடவுளுக்குக் கண் இல்லை.

மார்ச் 12, புதன்

நுரை கண்ணில் போய்விட்டது. பாலைவனத்தின் ரகசியம் நன்றாக எரிகிறது.

மார்ச் 17, திங்கள்

முதல் சில நாள் இரண்டு பக்கமும் உரிந்து தள்ளியது. அக்கா பதறிப்போய் ரகசியமாக ரோஜா க்ரீம் டப்பா ஒன்றை என் பையில் போட்டிருக்கிறாள். கொஞ்சம் தடவினால் யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். நுரையாருக்குத் தெரிந்துவிடும் என்றேன். அவருக்கு என்ன தெரியும், அவர் முகத்துக்கு எண்ணெய்கூட வைப்பதில்லை என்றாள்.

தடவவில்லை. இப்போது அரிப்பு குறைந்திருக்கிறது. தலையணையில் கன்னத்தைத் தேய்க்காமல் தூங்கி எழுந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

இன்று வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருக்கும் பெண் என்னை எப்போது பார்த்தாலும் ஒரு வைத்தியம் சொல்வாள். பால் தடவுங்கள், கசப்பாக ஏதாவது குடியுங்கள், என் மாமியாருக்கும் இப்படித்தான் இருந்தது. அந்த மாமியாரின் முகம் முழுக்க எனக்கு மனப்பாடம். இன்று அவள் பாரத்தை வாங்கினாள், முத்திரை குத்தினாள், அடுத்தவரைக் கூப்பிட்டாள். அவ்வளவுதான். வைத்தியம் எதுவும் இல்லை.

வெளியே வந்து படிக்கட்டில் சும்மா கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எவ்வளவு சுகம். முப்பத்தெட்டு வயதில் ஒருத்திக்கு இது பெரிய ஆசையா?

மார்ச் 25, செவ்வாய்

நுரையார் அறையில் படங்களைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தார்கள். அக்கா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். இரண்டு பக்கமும் தேறியிருக்கிறது, ஆனால் படத்தில் இடது பக்கம் அப்பட்டமாய்த் தெளிந்துவிட்டது. படத்தில் இடது என்றால் முகத்தில் வலது, சுவரிலேயே எழுதியிருக்கிறது, யூக்கா. நுரையாரும் சுவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், ஒருவேளை என்றார். ஒருவேளையாவது மண்ணாவது என்று அக்கா அவர் தோளில் தட்டினாள்.

எனக்குத்தான் ஒரு சந்தேகம். காலையில் கண்ணாடியில் பார்த்தபோது தண்ணீர்ப் பக்கம் மேல் என்று தோன்றியது. யூக்காப் பக்கம் கழுவியதும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது, சிரித்தால் தெரிகிறது. சொன்னேன். என் கண்ணுக்கு எப்போதும் நல்லது தெரியாது என்றாள் அக்கா. அதுவும் உண்மைதான். மாலையில் மறுபடி பார்த்தபோது வலதுதான் நன்றாக இருக்கிறதோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 30, ஞாயிறு

அக்கா சாப்பிட வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகூடப் பவுடர் கலையாத முகம், ஒரு முடி அசையாது. தட்டு கழுவும் முன்பே மேஜையில் பாட்டில்களை வரிசையாக அடுக்கிக் காட்டினாள். யூக்கா வந்த சந்தோஷத்தில் ஒரு குடும்பமே தயார்: முகக்கழுவி, துடைப்பு நீர், தைலம், பகல் க்ரீம், இரவு க்ரீம். சோதனை முடிந்த மறுநாளே என் முகத்தில் எல்லாம் ஏறும்.

இந்த முகத்தை இப்படியே விட்டுவிட முடியாதா? இதைத் தொடாதே, இது என்னுடையது என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, உன்ன சரிபண்ணிட்டேன்" என்றாள். நான் என்ன, ஓட்டை விழுந்த குழாயா?

வாயை மூடிக்கொண்டு பாட்டில்களுக்கு லேபிள் வாசகம் யோசிக்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

சுவரொட்டி அச்சாகி வந்துவிட்டது. ஆள் உயரம். இடது பக்கம் 'முன்', வலது பக்கம் 'பின்'. இரண்டிலும் நான்தான். 'பின்' படத்தில் தெளிந்த கன்னத்தை நோக்கி ஒரு பச்சை அம்பு, மேலே 'யூக்கா'. இன்னொரு கன்னத்தில் சாம்பல் அம்பு, 'வெறும் தண்ணீர்'. அந்த 'வெறும்' நான் எழுதியது இல்லை.

முன்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ உறுத்தியது. 'முன்' படத்தில் தழும்பு ஒரு புருவத்தில் இருக்கிறது. 'பின்' படத்தில் அடுத்த புருவத்தில். யூக்கா தோலைத் தேற்றியது போதாதென்று என் தழும்பையும் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிட்டதா?

கையைத் தூக்கிப் புருவத்தைத் தொட்டுப் பார்த்தேன். இடதுதான். சின்ன வயதிலிருந்து இடதுதான்.

பிறகு புரிந்தது. முதல் படம் நுரையார் தன் போனின் பின்பக்கக் கேமராவில் எடுத்தது. மற்றதெல்லாம் நான் குளியலறையில் நின்று என் முகத்தைப் பார்த்தபடியே முன்பக்கக் கேமராவில் எடுத்தவை. என் போன் அதைக் கண்ணாடி மாதிரியே திருப்பிச் சேமித்துக்கொள்கிறது. படத்தில் இடது பக்கம் என் முகத்திலும் இடது பக்கம். பச்சை அம்பு காட்டுவது தண்ணீரை.

சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டாமல் இருந்திருந்தாலாவது யாராவது யோசித்திருப்பார்கள்.

ஏப்ரல் 5, சனி

நுரையாரிடம் சொன்னேன். மனிதர் வெளிறிப்போனார். போனை வாங்கி என் புருவத் தழும்பைப் படம் எடுத்தார், திருப்பினார், மறுபடி எடுத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. சிரித்து முடித்ததும் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"யூக்கா மேல குத்தம் இல்ல. மத்த கழுவியோட பாத்தா அது சாதுதான்," என்றார். "உங்க தோல் ரோஜா தைலத்துக்கும் எலுமிச்சைத் தைலத்துக்கும்தான் இத்தனை வருஷம் அழுதுட்டு இருந்திருக்கு. அத நிறுத்தினதும் தானா ஆறிடுச்சு. ரெண்டு பக்கமும்."

ஒருவேளை போடவே இல்லை.

அப்படியென்றால்? என் முகத்துக்காகத் தொடங்கிய கம்பெனிதான் என் முகத்தை இப்படி வைத்திருந்தது. அக்கா என்னைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல் எதைக் கொட்டினாளோ அதனால்தான் நான் அப்படி இருந்தேன். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது ஆத்திரமும் வந்தது. எத்தனை கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை படத்தில் பின் வரிசைக்குப் போயிருக்கிறேன்.

யார் அவளிடம் சொல்வது என்று பேசினோம். தான் சொல்வதாக நுரையார் சொன்னார். அக்காவின் அறை வாசல்வரை போனார், கதவைத் தட்டினார், காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். நாளை லென்ஸம்மா வருகிறார். அக்கா அறைக்குள் நடந்துகொண்டே பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள், நடுநடுவே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். நான் ஆரம்பித்தேன். அக்கா, ஒரு விஷயம். நாளைக்குச் சொல்லு என்றாள். இல்லை, படம் பற்றி. படத்தில் நீ எவ்வளவு அழகாக இருக்கிறாய் தெரியுமா என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

சொல்லாமல் வந்துவிட்டேன். சொன்னால் அவள் கம்பெனி போகும். சொல்லாவிட்டால் என் முகம் போகும். கோழை. வேறு பேர் கிடையாது இதற்கு.

ஏப்ரல் 7, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

லென்ஸம்மா சுவரொட்டியை நன்றாகப் பார்த்தார். அக்கா பாலைவனத்தைச் சுருக்கமாகவே முடித்தாள், எல்லாவற்றையும் அம்புகள் பேசும் என்ற தைரியம். பிறகு அவர் என்னை ஜன்னலோரம் கூப்பிட்டார். உருப்பெருக்கியை எடுத்து என் வலது கன்னத்தில் வைத்தார். அவர் கண் ஒரு முட்டை அளவு தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இடது கன்னம். மறுபடி வலது.

"இதானே யூக்கா பக்கம்?" என்று வலதைத் தொட்டுக் கேட்டார். ஆமாம் என்றாள் அக்கா. படத்தில் இருப்பதைவிட நேரில் வறண்டிருக்கிறதே, அந்தப் பக்கம்தான் குழந்தைத் தோல் மாதிரி இருக்கிறது என்றார் அவர். அக்கா ஒரு நொடிதான் தடுமாறினாள். காலை வெயில், ஏசி, இவள் ராத்திரி ஒருக்களித்துப் படுக்கிற பழக்கம் என்று அடுக்கினாள். எனக்கே தெரியாத பழக்கம். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"நீயே சொல்லேன்டி. உன் மூஞ்சிதானே."

என் மூஞ்சிதானே. அந்த வார்த்தையை அவள்தான் சொன்னாள், நான் இல்லை. அதைக் கேட்டதும் எனக்குள்ளே என்னமோ ஆயிடுச்சு. பயமே இல்ல. வாய் தானா பேசிச்சு.

"படம் திரும்பியிருக்குக்கா. நல்லா இருக்கறது தண்ணிப் பக்கம்."

நுரையார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தழும்பைக் காட்டினேன், சுவரொட்டியைக் காட்டினேன், இரண்டு நிமிஷத்தில் சின்னப் பிள்ளைக்கும் புரியும்படி சொல்லி முடித்துவிட்டேன். சுவரொட்டியில் இருந்த நான் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

லென்ஸம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கழுவியைத் தவிர வேறு எதை நிறுத்தினீர்கள் என்று மட்டும் கேட்டார். எல்லாவற்றையும் என்றேன். அக்கா முகத்தை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். உருப்பெருக்கியைத் துடைத்துப் பைக்குள் வைத்து, போன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் அக்கா என்னைக் கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"என்னை அவமானப்படுத்தணும்னு எவ்ளோ நாளா காத்துட்டு இருந்தே?"

நான் ஒண்ணும் காத்துட்டு இல்லக்கா. நேத்து சொல்ல வந்தேன். நீ பாடிட்டு இருந்தே. இதை அங்கே சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், யாருக்குப் பிரயோஜனம்?

ஏப்ரல் 8, செவ்வாய்

முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை நுரையாரிடம் சொல்கிறாள், நான் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போதே. அவர் அதை ஒருவேளை சேர்த்து என்னிடம் சொல்கிறார்.

ஏப்ரல் 10, வியாழன்

அப்பா சமாதானத் தூது போனார். அவளிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். இரண்டு பேருக்கும் சின்ன வயதில் ஒரே மூஞ்சிதான், உன் அம்மா ஒருத்தியைக் கூப்பிட்டால் இன்னொருத்தி வருவாள் என்று சொன்னாராம். அதைக் கேட்டதும் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாளாம். இவரை யார் போகச் சொன்னது.

இணையதளத்தில் அந்தக் கதை அப்படியே இருக்கிறது. என் படமும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையில் மணி அடித்தது. அக்கா. என்னைப் பார்க்காமல், அப்பாவைப் பார்க்காமல், நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்பா செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார், விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே.

வெளியே வந்தாள். கையில் என் துண்டு, அதில் தோல் நிறத்தில் பெரிய கறை. இரண்டு கன்னமும் சிவந்து, மூக்கோரம் உரிந்து, தாடையில் வெடிப்பு. இணையதளத்தில் இருக்கும் என் படம் எழுந்து வந்து நின்ற மாதிரி இருந்தது. எவ்வளவு வருஷமாக என்று கேட்டேன். காலேஜில் இருந்தே என்றாள். அத்தான் பார்த்ததில்லையாம். அவர் எழுந்திருப்பதற்கு முன்னால் எழுந்து பூசிவிடுவாளாம்.

நான் என்ன சொல்வேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன் மூஞ்சின்னு சொன்னா அந்தக் கதைய எழுத முடிஞ்சுது," என்றாள். "என்னோடதுன்னு வாய் வரலடி."

அறையலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இத்தனை வருஷம் ஊர் பூரா என்னைப் பரிதாபமாகப் பார்த்ததில் பாதி இவளுக்குச் சேர வேண்டியது. முழுதும் என் தலையில் கட்டிவிட்டு, என் கன்னத்தில் தடவித் தடவிப் பார்த்துத் தனக்கு மருந்து தேடியிருக்கிறாள். எவ்வளவு பெரிய திருட்டு. எவ்வளவு பாவம். என் முகம் அவளுக்குத் தெரியக்கூடாது என்று வேறு துண்டு எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நாளில் அடங்கும் என்று கேட்டாள். எல்லாவற்றையும் நிறுத்தணும் என்றேன். ரோஜா க்ரீமையுமா? அதைத்தான் முதல்ல.

"நான் பண்ணினதுலயே நல்லது அதுதான்டி," என்று சொல்லிவிட்டு அழுதாள். தோல் எரிந்திருக்கும், உப்புத் தண்ணீர் ஆயிற்றே. ஒற்றி எடுத்தேன். தேய்க்கவில்லை.

அவள் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன், உங்களுக்குத் தெரியுமா என்று. அதைத்தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன் என்றார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

லென்ஸம்மா போன் செய்தார். முகக்கழுவி வேண்டாமாம். அந்தப் பழுப்புத் தண்ணீரில் தலைக்குப் போடுவது ஏதாவது செய்ய முடியுமா, வாசனை சேர்க்காமல், என்று கேட்டார். நுரையாருக்கு உயிர் வந்துவிட்டது. பீப்பாய்க்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். எண்ணெய்த் தலைக்கு யூக்கா நுரை போதாது என்று ஒரு கட்சி, இரண்டு தடவை போட்டால் போதும் என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியும் அவரே. சோதனைக்கு என் தலை வேண்டுமாம். வேண்டுமானால் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு முடி குறைவு. கொஞ்சம் யோசித்துவிட்டு அப்பாவைக் கேட்கலாமா என்றார்.

மே 6, செவ்வாய்

ரோஜா க்ரீமிலிருந்து தைலத்தை எடுத்தாகிவிட்டது. ஒவ்வொரு சொட்டுக்கும் அக்காவும் நுரையாரும் சண்டை போட்டார்கள். இப்போது அது வெறும் க்ரீம். என்ன பெயர் வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. எழுத எனக்கும் ஒன்றும் இல்லை, அது பாட்டுக்கு வெள்ளையாக இருக்கிறது.

இணையதளத்தில் என் படம் இல்லை. நான் கேட்கவில்லை. காலையில் திறந்து பார்த்தபோது அந்த இடம் காலியாக இருந்தது.

மத்தியானம் கூரியர்காரர் வந்தார். பாட்டில் மூடிகள். வழக்கமாக வாங்குகிற அக்காவையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவள் முகத்தில் ஒன்றும் பூசியிருக்கவில்லை. சிவப்பு கொஞ்சம் தணிந்திருக்கிறது, மூக்கோரம் இன்னும் உரிகிறது. உடம்பு சரியில்லையா மேடம் என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் மேஜையிலிருந்து எழப்போனேன், ஏதாவது சொல்லி அவரை அனுப்பிவிடலாம் என்று.

"இல்லங்க. என் மூஞ்சி இதுதான்," என்றாள் அக்கா.

பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பெட்டியை நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தோம்.